எழுவான்கரையில் ஒன்று, படுவான்கரையில் ஒன்று

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை நேரம், மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதியில் உள்ள எங்கள் வீட்டில் மடிக்கணினியுடன் வெளி வன்தட்டை இணைத்தபோது, வழக்கமாகக் கேட்கும் மெல்லிய சுழற்சி ஓசைக்குப் பதிலாக, ஒரே இடைவெளியில் எதையோ தட்டுவது போன்ற ஓசை அதற்குள்ளிருந்து எழுந்தது. திரையில் எதுவும் தோன்றவில்லை. கம்பியைக் கழற்றி மீண்டும் செருகினேன். வேறு கம்பி மாற்றினேன். வேறு கணினியிலும் இணைத்துப் பார்த்தேன். அந்த ஓசை மட்டும் மாறவில்லை. அப்படி மீண்டும் மீண்டும் முயன்றது எவ்வளவு பெரிய தவறு என்பதை இரண்டு கிழமைகளுக்குப் பிறகே அறிந்துகொண்டேன்.

அந்த வன்தட்டில் ஏறத்தாழ 340 கிகாபைட் அளவிலான கோப்புகள் இருந்தன. 2012ஆம் ஆண்டு முதல், வேளாண்மை வெட்டி முடிந்த காலங்களில் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக் கிராமங்களிலும் மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களிலும் ஆடப்பட்ட வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளின் அரங்கேற்றங்களை இரவிரவாக இருந்து பதிவுசெய்த காணொளிகளே அவற்றுள் பெரும்பகுதி. கூத்தைப் பழக்கும் அண்ணாவிமார் சிலர் நம்பிக்கையோடு என் கையில் தந்த கூத்துக் கொப்பிகளை ஸ்கேன் செய்த படங்கள் இருந்தன. பின்பாட்டுப் பாடும் பிற்பாட்டுக்காரராக நாற்பது வருடங்கள் கூத்தாடும் களரியின் நடுவில் நின்ற என் அப்பா, உடல் தளர்ந்த காலத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடிய பாடல்கள் இருந்தன. பிள்ளைகளின் நிழற்படங்களும், நான் கற்பிக்கும் பாடங்களுக்கான குறிப்புகளும் இருந்தன. அப்பா இப்போது இல்லை. அந்தக் கொப்பிகளில் இரண்டின் மூலங்கள் கறையான் அரித்துப் போய்விட்டன.

செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர் முதலில் கேட்ட கேள்வி, "பெக்கப் எடுத்து வைத்திருப்பீர்கள்தானே?" என்பது. "இதுதான் பெக்கப்" என்று நான் சொன்ன அந்தக் கணத்தில்தான், பல ஆண்டுகளாக பெக்கப், அதாவது காப்புப் பிரதி, என்ற சொல்லைத் தவறான பொருளில் பயன்படுத்தி வந்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது.

மடிக்கணினியில் இடம் நிரம்பும்போதெல்லாம் நான் செய்துவந்த வேலை, பெரிய கோப்புறைகளை வெட்டி வெளி வன்தட்டில் ஒட்டுவதாகும். மேசை மீதிருந்து அலுமாரிக்குள் வைப்பதைப் போல, அது பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டது என்ற நிறைவு மனதில் ஏற்படும். ஆனால் அந்த வேலை முடிந்த பிறகும் உலகத்தில் அந்தக் கோப்பு ஒன்றே ஒன்றாகத்தான் இருந்தது. இருக்கும் இடம் மட்டும் மாறியிருந்தது. அதுவும், மடிக்கணினியை விட எளிதில் கைதவறி விழக்கூடிய, எளிதில் தொலையக்கூடிய ஓர் இடத்துக்கு மாறியிருந்தது. காப்புப் பிரதி என்றால் மூலம் இருக்கும் இடத்தில் இருக்கவே, அதன் இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். நான் செய்ததற்குச் சரியான பெயர் இடப்பெயர்வு. எங்கள் மண்ணில் அந்தச் சொல்லின் பொருளை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. என்னைப் போலவே செய்துகொண்டு, தங்கள் கோப்புகளுக்குக் காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர் என்பதை, இந்த இழப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு அறிந்தேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு முதற் காரணம் அவர்கள்தான்.

வன்தட்டு என்பது உள்ளே இயங்கும் பாகங்களைக் கொண்ட ஒரு பொறி. காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின் மேல் ஒரு சில நனோமீற்றர் இடைவெளியில் வாசிப்புத் தலை மிதந்து செல்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு அந்த இடைவெளியைப் போலப் பல்லாயிரம் மடங்கு. சுழன்றுகொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தாலோ, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென்று அறுந்தாலோ என்ன நடக்கும் என்பதை இந்த அளவுகளே சொல்லிவிடுகின்றன. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் போகும்போது மட்டுமன்றி, அது திரும்பி வரும்போது ஏற்படும் ஏற்ற இறக்கங்களும் கருவிகளைத் தாக்குகின்றன. இதனுடன் கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் நமது காற்றின் உப்பும் ஈரமும் சேர்கின்றன. இரும்புக் கதவுப் பிணைச்சல்களை ஓரிரு மாரிக்குள் துருப்பிடிக்கச் செய்யும் அதே காற்றுத்தான் இணைப்பு முனைகளையும் சுற்றுப் பலகைகளையும் மெல்ல மெல்ல அரிக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஒவ்வொரு வன்தட்டும் ஒருநாள் நின்றுபோகும். எந்த நாள் என்பதை எவராலும் சொல்ல முடியாது.

நகரத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் இருந்த இளைஞர், ஓசையைக் கேட்டவுடனேயே மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டார். வாசிப்புத் தலை பழுதடைந்திருக்கும்போது தகட்டைச் சுழல விடும் ஒவ்வொரு முறையும் அதன் மேற்பரப்பில் மேலும் கீறல் விழக்கூடும் என்றும், தூசியற்ற அறை இல்லாத இடத்தில் மூடியைத் திறப்பதும் கூடாது என்றும் அவர் விளக்கினார். தன்னால் இயலாத வேலையை இயலாது என்று சொல்லி, பணம் வாங்காமல் கொழும்புக்கு வழிகாட்டிய அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அதைவிடச் சிறந்த முதலுதவி கிடையாது. தவறுதலாகக் கோப்பொன்றை அழித்துவிட்டாலும் இதே கவனம் வேண்டும். சாதாரண வன்தட்டில் அழிக்கப்பட்ட கோப்பின் தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும் என்பதால், உடனே அந்தத் தட்டைப் பயன்படுத்துவதை நிறுத்தினால் மீட்கும் வாய்ப்பு உண்டு. இப்போதைய மடிக்கணினிகளில் வரும், சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடத்தை அவை தாமாகவே துப்புரவு செய்துவிடுகின்றன.

கொழும்பில் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். கொடுத்தேன். ஐந்து கிழமைகளுக்குப் பிறகு திரும்பி வந்தவற்றில் நிழற்படங்கள் பெரும்பாலும் இருந்தன. கொப்பிகளின் ஸ்கேன் படங்களில் பாதிக்கு மேல் இருந்தன, ஆனால் பெயர்களும் கோப்புறை ஒழுங்கும் போய்விட்டதால் எந்தப் பக்கம் எந்தக் கூத்துக்குரியது என்பதை ஒவ்வொன்றாக வாசித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. நீண்ட காணொளிகள் பெரும்பாலும் சிதைந்திருந்தன. அப்பாவின் பாடல்களில் ஒன்றுகூட வரவில்லை.

படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் இருக்கும் அக்காவுக்கு இதைச் சொல்லப் பல நாட்கள் எனக்குத் துணிவு வரவில்லை. சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, அப்பாட பாட்டெல்லாம் அதுக்குள்ளதானே இரிந்த?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. சில நாட்களின் பின், அவரே ஒரு செய்தியோடு அழைத்தார். சுவிற்சர்லாந்தில் இருக்கும் எங்கள் மைத்துனர் ஒருவர் 2017இல் ஊருக்கு வந்தபோது, நான் அவருக்கு ஒரு பென் ட்ரைவில் சில பாடல்களைப் போட்டுக் கொடுத்திருந்தேன். கொடுத்ததை நானே மறந்துவிட்டேன். அவர் அதைத் தன் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். இருபதுக்கு மேற்பட்ட பாடல்களில் மூன்று, மொத்தமாக 31 நிமிடங்கள், அவ்வாறு எங்களிடம் திரும்பி வந்தன.

பாதுகாப்பாக வைத்தது போய், பகிர்ந்து கொடுத்தது மிஞ்சியது என்பதை எண்ணிப் பார்த்தபோது, அப்பா வாழ்ந்த கூத்து மரபிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது நினைவுக்கு வந்தது. கூத்துப் பழகத் தொடங்குவதற்கு முன் சட்டம் கொடுத்தல் என்றொரு நிகழ்வு உண்டு. இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவருக்குரிய பாட்டும் வசனமும் கொண்ட பகுதியை ஆடுபவர் கையில் கொடுப்பார்கள். முழுக் கூத்தும் அண்ணாவியாரின் கொப்பியில் இருக்கும். அதன் பகுதிகள் தருமன் வீட்டிலும் துரியோதனன் வீட்டிலும் கட்டியகாரன் வீட்டிலும் இருக்கும். அண்ணாவியாரின் கொப்பி வெள்ளத்திலோ நெருப்பிலோ போனாலும், பழைய ஆட்டக்காரர்களின் வீடுகளில் எஞ்சிய சட்டங்களையும் அவர்களின் நினைவையும் கொண்டு ஒரு கூத்தைத் திரும்பவும் கட்டியெழுப்ப முடிந்தது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மரபுக்குள் வளர்ந்த நான், அத்தனை கூத்துகளையும் திரட்டி உள்ளங்கை அளவான ஒரே பெட்டிக்குள் பூட்டி வைத்தேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத மனவருத்தம்.

காணி உறுதியை வைத்திருப்பவர்களுக்கு இதை இன்னும் எளிதாக விளக்கலாம். நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதி முடித்த பின் மூலத்தை உரியவரிடம் கொடுக்கிறார். ஒரு பிரதியைத் தமது ஆவணக் கட்டோடு சேர்த்து வைக்கிறார். இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. போர்க்காலத்தில் ஷெல் அடிக்கும் சத்தம் கேட்டவுடன் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உறுதி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வாசலருகே தொங்கவிட்டிருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்தப் பையையே தொலைத்தவர்களும் பின்னர் தங்கள் காணியை நிறுவ முடிந்தது என்றால், அதற்குக் காரணம் வேறோர் இடத்தில், வேறொருவரின் பொறுப்பில் ஒரு பிரதி இருந்தமைதான்.

கணினித் துறையினர் இதையே மூன்று, இரண்டு, ஒன்று என்ற எண்களால் நினைவில் வைத்திருக்கிறார்கள். பீற்றர் குரோக் என்ற நிழற்படக் கலைஞர் இதைப் பரவலாக்கினார். ஒரு கோப்புக்கு மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் எண்ணிக்கையைத்தான் மக்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். என் எண்ணத்தில், கடைசியாகச் சொல்லப்படும் அந்த ஒன்றுதான் மற்ற இரண்டையும் விடப் பெரியது. ஒரே மேசை இலாச்சியில் இருக்கும் மூன்று வன்தட்டுகளும் ஒரே திருடனுக்கு, ஒரே தீக்கு, ஒரே மின்னலுக்கு உரியவை. ஒரே ஆபத்து எட்டக்கூடிய இடத்தில் எத்தனை பிரதிகள் இருந்தாலும், அந்த ஆபத்தின் கணக்கில் அவை ஒரு பிரதியாகவே எண்ணப்படும்.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு ஆபத்தின் திசைகள் நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, போயா நாளான அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் வீடுகளுக்குள் வந்தபோது, உயிர்களோடு சேர்ந்து அல்பங்களும் போயின. இறந்த பிள்ளையின் முகத்தைக் காட்டும் ஒரு படம்கூட இல்லாமல், பாடசாலைக் குழுப்படத்தில் எங்கோ ஓர் மூலையில் நிற்கும் உருவத்தைத் தேடிப் பெரிதாக்கிக் கேட்ட பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அன்று வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கடல் வரவில்லை. 2011 ஜனவரியில் நிலைமை வேறு. அப்போது பெய்த பெருமழையில் வயல்களும் குளங்களும் ஒன்றாகி, படுவான்கரைக் கிராமங்கள் பல தீவுகளாயின. அக்கா வீட்டில் அலுமாரியின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் நின்றது. கடல் வரும் பக்கம் ஒன்று, வெள்ளம் நிற்கும் பக்கம் இன்னொன்று. நடுவே வாவி. இந்த அமைப்பைப் பார்த்துத்தான் என் கோப்புகளுக்கான ஏற்பாட்டைச் செய்தேன்.

இப்போது என்னிடம் ஒரே அளவுள்ள இரண்டு வெளி வன்தட்டுகள் உள்ளன. வேண்டுமென்றே வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளாக, வெவ்வேறு மாதங்களில் வாங்கினேன். ஒரே தொகுதியில் தயாரான இரண்டு தட்டுகள் ஒரே காலத்தில் பழுதடைய வாய்ப்பு உண்டு என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஒன்று ஆரையம்பதியில் என் வீட்டில் இருக்கும். மற்றது கொக்கட்டிச்சோலையில் அக்கா வீட்டில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு, 2011இல் வெள்ளம் தொட்ட உயரத்துக்கு மேலே உள்ள தட்டில் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தட்டைப் புதுப்பித்து எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தால் போய், அங்குள்ளதை வாங்கிக்கொண்டு வருகிறேன். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவைக்காகத் துறையில் காத்திருந்த காலத்தில் இதை மாதந்தோறும் செய்திருப்பேனா என்பது ஐயம்தான். எப்படியும் போகும் ஒரு பயணத்தோடு வேலையைச் சேர்த்துவிட்டால் அது தவறுவதில்லை. அக்காவைப் பார்க்கப் போவதற்கு நினைவூட்டல் எதுவும் எனக்குத் தேவைப்படுவதில்லை.

ஆயினும் இரண்டு கரைகளும் போதா. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி, எழுவான், படுவான் என்று பார்க்கவில்லை. இரு கரைகளிலும் ஒரே இரவில் கூரைகளையும் தென்னைகளையும் சாய்த்தது. ஆகையால் மூன்றாவது பிரதி மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்குத்தான், இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் கோப்புகளை வைக்கும் முகில் சேமிப்பு உதவுகிறது. கூகுள் கணக்கொன்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட் இடத்தை மின்னஞ்சலும் நிழற்படங்களும் பிற கோப்புகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. என் முழுச் சேகரிப்பையும் அங்கே ஏற்றுவது எளிதன்று. வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் அனுப்பினாலும் 340 கிகாபைட்டுக்கு ஆறு நாட்களுக்கு மேல் எடுக்கும், அதற்கான டேட்டாச் செலவு வேறு. எனவே தரம் பிரித்தேன். திரும்பப் பெறவே முடியாதவை எவை, மீண்டும் உருவாக்கக்கூடியவை எவை, எங்கிருந்தாவது மீண்டும் எடுத்துக்கொள்ளக்கூடியவை எவை என்று பார்த்தால், முதல் வகைக்குள் வருபவை நாம் நினைப்பதை விடக் குறைவு. அப்பாவின் குரல், கொப்பிகளின் படங்கள், குடும்பப் படங்களில் தெரிந்தெடுத்த சில நூறு, உறுதிகளின் ஸ்கேன் பிரதிகள் ஆகிய அனைத்தும் பணம் கொடுத்து வாங்கிய ஒரு சிறிய முகில் இடத்துக்குள் அடங்கின. இணையத்திலிருந்து இறக்கிய படங்களுக்காக எவரும் டேட்டாவைச் செலவிட வேண்டியதில்லை.

முகில் சேமிப்பைப் பற்றி நம்மிடையே உள்ள நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முகில் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்துக்குள் சுழலும் தட்டுகள்தான். 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முற்றாக எரிந்தபோது, வேறெங்கும் பிரதி வைத்திராத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவுகளை இழந்தனர். நம் நாட்டிலேயே 2023ஆம் ஆண்டு அரசின் முகில் அமைப்பு கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, இழக்கப்பட்டன. அமைப்பை மீண்டும் இயக்க முடிந்தது. அந்த இடைக்காலத்துக்குரிய காப்புப் பிரதி மட்டும் இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்தது நமக்கு நேராது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கணினியில் உள்ள கோப்புறையை முகிலோடு ஒத்திசைய விட்டிருப்பவர்கள் அதையே காப்புப் பிரதி என்று கருதுகிறார்கள். ஒத்திசைவு என்பது கண்ணாடி போன்றது. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே தவறாக மாற்றிச் சேமித்தால் அங்கேயும் மாறும். கூகுள் ட்ரைவில் அழித்தவை குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அதற்குப் பிறகு இல்லை. மாணவர் ஒருவரின் ஒப்படை ஏப்ரலில் அழிந்து, பரீட்சை நெருங்கும் ஓகஸ்டில் தேடப்பட்டால், அந்த 30 நாட்களால் என்ன பயன்? ஆகவே இன்றைய நிலையின் பிரதி மட்டுமன்றி, சென்ற கிழமையின் நிலை, சென்ற மாதத்தின் நிலை ஆகியவையும் வேண்டும். விண்டோஸ் கணினிகளில் பைல் ஹிஸ்டரி என்றும், மக் கணினிகளில் டைம் மெஷின் என்றும் இதற்கான வசதி ஏற்கெனவே உள்ளது. வெளி வன்தட்டை இணைத்து ஒருமுறை இயக்கிவிட்டால், மாறிய கோப்புகளின் பழைய நிலைகளையும் அவை சேர்த்து வைக்கும்.

வேலை முடிந்தவுடன் அந்தத் தட்டைக் கழற்றி வைப்பது கட்டாயம். 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டொலர் கேட்டது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தும், பல கணினிகள் புதுப்பிக்கப்படாமல் இருந்தன. இவ்வகை நிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் வெளித் தட்டுகளையும் விட்டுவைப்பதில்லை. எப்போதும் செருகியபடியே இருக்கும் காப்புத் தட்டு, நெல்லைத் திருடர்களிடமிருந்து காப்பதற்காகக் களத்திலேயே மூட்டை கட்டி வைத்ததைப் போன்றது.

இவற்றையெல்லாம் செய்தவர்களிற்கூடப் பெரும்பாலோர் செய்யாத ஒரு வேலை, பிரதியைத் திறந்து பார்ப்பது. 2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்தபோது, அவர்களிடம் இருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட உரியபடி இயங்கியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி அவர்களைக் காப்பாற்றியது. அதை அந்த நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டமை பாராட்டத்தக்கது. நான் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அக்கா வீட்டிலிருந்து வந்த தட்டிலிருந்து பத்துக் கோப்புகளை எழுந்தமானமாகத் தெரிந்து, வேறொரு கணினியில் திறந்து, காணொளியாயின் நடுப்பகுதியையும் கடைசியையும் ஓடவிட்டுப் பார்க்கிறேன். கோப்பின் பெயர் பட்டியலில் தெரிவது, கோப்பு நலமாக இருப்பதற்கு அத்தாட்சியாகாது.

கைத்தொலைபேசியை இங்கே மறந்துவிடக் கூடாது. நம் ஊரில் பல குடும்பங்களுக்குக் கணினியே கிடையாது. பிள்ளையின் பூப்பு நீராட்டு விழாவும், மரித்தவரின் கடைசிப் படமும், வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பிய குரல் செய்தியும் எல்லாம் போனுக்குள்தான். வாவியில் விழுந்த போனோடும், பேருந்தில் களவு போன போனோடும் அவை போகின்றன. மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படங்களை ஒரு கணினியில் அல்லது உறவினரின் வன்தட்டில் இறக்கி வைக்க உதவுவது, வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள் செய்யக்கூடிய நல்ல வேலை. பென் ட்ரைவில் போட்டு வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கொண்டு செல்வதற்கு அது உதவும். நீண்டகாலம் வைத்திருப்பதற்கு அதை நம்ப முடியாது. நடைபாதைக் கடைகளில் மலிவாக விற்கப்படுபவற்றுள் சில, 64 கிகாபைட் என்று பொய்யாகக் காட்டிவிட்டு, உண்மையான கொள்ளளவுக்கு மேல் எழுதப்படுவதைச் சத்தமின்றி இழந்துவிடுகின்றன.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு சொல். வன்தட்டு இன்னொருவர் கைக்குப் போனால் உள்ளே இருப்பது வாசிக்கப்படாதிருக்க, உறுதிகளும் வங்கி ஆவணங்களும் இருக்கும் பகுதியை நான் மறையாக்கம் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் பூட்டின் திறப்பு என் தலைக்குள் மட்டும் இருந்தால், என்னோடு அதுவும் போய்விடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அவற்றின் உள்ளடக்கத்தோடு அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. கணவர் இறந்த பின் அவருடைய கணக்குக்குள் நுழைய வழியின்றி, பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களை அவ்வாறு இழக்கவிருந்த ஒரு பெண்ணுக்கு உதவ முயன்ற அனுபவம் எனக்கு உண்டு. ஆகையால் கடவுச்சொற்களையும், எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதையும் தாளில் பேனையால் எழுதி, ஒட்டிய உறையில் இட்டு, ஒன்றை மனைவியிடமும் ஒன்றை அக்காவிடமும் கொடுத்திருக்கிறேன். கோப்புறைகளின் பெயர்களையும், ஆண்டு, ஊர், கூத்தின் பெயர் என்ற ஒழுங்கில், நான் இல்லாவிட்டாலும் விளங்கும்படி மாற்றினேன்.

கொப்பிகளைத் தந்த அண்ணாவிமார் குடும்பங்களிடம் ஒவ்வொன்றாகப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எஞ்சிய ஸ்கேன் படங்களின் ஒரு பிரதியை அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் கணினிகளிலும் போன்களிலும் ஏற்றிக் கொடுத்தேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் இவற்றைச் சேர்க்கலாமா என்றும் அந்தக் குடும்பங்களிடம் கேட்டேன். இரண்டு குடும்பங்கள் இசைந்துள்ளன. ஒரு குடும்பம் பெரியவர்களோடு பேசிச் சொல்வதாகக் கூறியிருக்கிறது. அவர்களுடைய சொத்து என்பதால் அந்த முடிவும் அவர்களுடையதே.

சென்ற மாதம் தட்டை மாற்றப் போனபோது, அக்கா ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டு வந்து வைத்தார். அதற்குள் அப்பா எண்பதுகளில் வீட்டுக் கசற் ரெக்கோடரில் பதிவுசெய்த ஏழு கசற்றுகள் இருந்தன. இரண்டின் நாடாவில் பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நாடாவை முறையாகத் துப்புரவு செய்யத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கும் வரை அந்த இரண்டையும் கருவியில் இடப்போவதில்லை. மற்ற ஐந்தில் முதலாவதை நேற்றுக் கணினியில் ஏற்றி முடித்தேன். அதன் நடுவில், பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, "விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்க பிள்ள" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தொடர்கிறார். அந்தக் கோப்பு இன்று காலை முகிலில் இருக்கிறது. வீட்டுத் தட்டில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாலம் கடக்கும்.